பனியன் கம்பெனியில் முதல் மாதம்: சம்பளக் கணக்கும் கைவிரல் பாதுகாப்பும்

திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டில் பையோடு இறங்கி அரை மணி நேரம் எந்தத் தெருவில் நடந்தாலும் நாலு கேட்டில் போர்டு தொங்கும். 'டெய்லர், செக்கிங், கைமடி தேவை.' வேலை கிடைப்பது இங்கே பெரிய விஷயமில்லை. செய்த வேலைக்குச் சரியான காசு வாங்குவதும், பத்து விரலோடு ஊர் திரும்புவதும்தான் கொஞ்சம் பாடு.

நான் தேனிப் பக்கமிருந்து வந்து கைமடியாகச் சேர்ந்தவள். கைமடி என்றால் டெய்லருக்குப் பக்கத்தில் நின்று பீஸை எடுத்துக் கொடுத்து, திருப்பி, நூல் வெட்டி, அடுக்கும் வேலை. முதல் வாரச் சனிக்கிழமை கவரில் ஐந்தரை ஷிப்டுக்குக் காசு இருந்தது. நான் பார்த்தது ஏழு ஷிப்ட் என்று மனசுக்குத் தெரியும். "எந்த நாள் விட்டுப் போச்சு, சொல்லும்மா" என்று சூப்பர்வைசர் கேட்டார். சொல்லத் தெரியவில்லை. அடுத்த நாளே பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்கினேன். கீழே சொல்லப்போவதெல்லாம் அந்த நோட்டில் ஆரம்பித்ததுதான்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி சம்பளம் எவ்வளவு என்பதல்ல. "நான் கம்பெனி ஆளா, கான்ட்ராக்ட் ஆளா?" என்று கேளுங்கள். ஒரே ஹாலில் ஒரே லைனில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் ஒருவர் கம்பெனி கணக்கிலும் இன்னொருவர் கான்ட்ராக்டர் கணக்கிலும் இருப்பது இங்கே சகஜம். கான்ட்ராக்டர் என்றால் அவர் பெயர், போன் நம்பர், எந்த ஊர் என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு நாள் காணாமல் போய்விட்டால் கம்பெனி கைகழுவப் பார்க்கும். கான்ட்ராக்டர் கொடுக்காத கூலியைக் கொடுக்கும் பொறுப்பு கடைசியில் முதன்மை நிறுவனத்துக்குத்தான், அதாவது வேலை நடந்த கம்பெனிக்குத்தான் என்று சட்டம் சொல்கிறது. அதைக் கேட்க, நீங்கள் எந்தக் கம்பெனிக்குள் வேலை பார்த்தீர்கள் என்ற அடையாளம் உங்களிடம் இருக்க வேண்டும்.

அடுத்து: ஷிப்டுக்கு எவ்வளவு? அரை ஷிப்ட் என்பது எத்தனை மணி நேரம்? சம்பளம் வாரமா மாதமா, கையிலா வங்கியிலா? பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) எந்த மாதத்திலிருந்து? "மூணு மாசம் கழிச்சுப் போடுவோம்" என்று பதில் வந்தால் அது கம்பெனியின் வசதிக்குச் சொல்வது. இரண்டுமே முதல் நாளிலிருந்து வர வேண்டியவை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம் போன்ற விஷயங்களில் அவை தொழிலாளிக்குப் பாதகம் என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்துக்கொண்டிருக்கின்றன. எனக்கும் அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அவற்றில் உள்ள ஒரு விஷயம் புதியவர்களுக்குக் கைகொடுக்கும்: எல்லாத் தொழிலாளிக்கும் பணி நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும். கேளுங்கள். கிடைக்காவிட்டால் அடையாள அட்டையையாவது வாங்கி, இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆதார், மதிப்பெண் சான்றிதழ் இவற்றின் நகல் மட்டும் போதும். ஒரிஜினலைக் கொடுத்துவிட்டால் வேலையை விட நினைக்கும் நாளில் அதற்காக அலைய வேண்டி வரும். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். அந்தத் தாள்தான் பின்னாளில் உங்கள் ராஜினாமாக் கடிதமாகவோ, "எல்லா பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்ற ரசீதாகவோ மாறும்.

ஒன்றரை ஷிப்ட் என்னும் கணக்கு

திருப்பூரில் கூலியை நாள் கணக்கில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஷிப்ட் கணக்குதான். காலை எட்டரைக்கு ஏறி சாயங்காலம் ஐந்தரைக்கு இறங்கினால் ஒரு ஷிப்ட். எட்டரை, ஒன்பதரை வரை நின்றால் ஒன்றரை. "நேத்து ஒன்றரை பார்த்தேன்" என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்த வார்த்தையின் மேலேயே சந்தேகம் வர ரொம்ப நாளானது.

ஒரு கணக்குப் போடுவோம். ஷிப்டுக்கு 480 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது உதாரணத்துக்குச் சொல்லும் தொகைதான். இடைவேளை போக எட்டு மணி நேரத்துக்கு 480 என்றால் மணிக்கு 60. சட்டப்படி ஒரு நாளில் 8 மணி நேரம், வாரத்தில் 48 மணி நேரம், அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு மணிக்கும் இரட்டிப்புக் கூலி. அதாவது மணிக்கு 120. ஐந்தரைக்கு மேல் நாலு மணி நேரம் தைத்தால் 480 ரூபாய் வர வேண்டும். ஒன்றரை ஷிப்ட் கணக்கில் அதற்குக் கிடைப்பது 240. மூன்று மணி நேரம்தான் என்றாலும் 360 வர வேண்டிய இடத்தில் 240.

அதாவது 'ஒன்றரை' என்று சொன்ன மாத்திரத்தில் ஓவர்டைம் என்ற சொல்லே மறைந்துவிடுகிறது. வாரத்துக்கு ஐந்து நாள் இப்படி நாலு மணி நேரம் நின்றால் 1,200 ரூபாய் கவருக்குள் வராமலே போகிறது. நாலு வாரத்தில் 4,800. என் லைனில் ஒரு அக்கா இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, "அது என் வீட்டு வாடகைடி" என்றார்.

பல இடங்களில் இதுதான் நடைமுறை. ஆகவே சேர்ந்த முதல் வாரமே மேஜையைத் தட்டிச் சண்டை போடச் சொல்லவில்லை. மணியை எழுதி வையுங்கள். இரட்டிப்பாகக் கொடுக்கும் கம்பெனிகளும் ஊரில் உண்டு. விசாரித்து அங்கே மாறிக்கொள்ள உங்களுக்கு இந்தக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதாவைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. எல்லாத் தரப்பிலும் எதிர்ப்புக் கிளம்ப, முதலமைச்சர் மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். டி.வி.யில் செய்தி ஓடியபோது எங்கள் பேக்கிங் ஹாலில் மணி இரவு எட்டு. ஒருத்தர் சிரித்தார். மற்றவர்கள் வேலையைப் பார்த்தார்கள்.

பீஸ் ரேட்டில் போகிறவர்களுக்கு

டெய்லர்கள் சீக்கிரமே பீஸ் ரேட்டுக்கு மாறிவிடுவார்கள். கை வேகம் இருந்தால் காசு கூட வரும், உண்மைதான். ரேட்டைத் தைக்கும் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஓவர்லாக் தோள் ஜாயின்ட்டுக்கு எவ்வளவு, பிளாட்லாக்கில் அடி மடிக்க எவ்வளவு என்று தனித்தனியாக. ஆர்டர் முடிந்து ரேட் பேசினால் நஷ்டம் உங்களுக்கே.

இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும். பீஸ் ரேட்டில் வேலை பார்த்தாலும், அந்த வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே உங்கள் வருமானம் போகக் கூடாது. கட்டிங் வரவில்லை, கரண்ட் இல்லை, நூல் கலர் மாறிவிட்டது என்று உங்களை உட்கார வைத்தால், வேலை செய்யத் தயாராக வந்தவருக்கு அந்த நாள் கூலி உண்டு. ஆல்ட்டர் பீஸ், அதாவது திருத்தித் தைக்கத் திரும்பி வருவது, யார் கணக்கு என்பதையும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். துணியில் இருக்கும் ஓட்டைக்கு டெய்லர் பொறுப்பில்லை.

கூலி எங்கே நிர்ணயமாகிறது

இரண்டு இடம். ஒன்று, அரசு வெளியிடும் குறைந்தபட்சக் கூலி. வேலைப் பிரிவு வாரியாக அடிப்படைச் சம்பளம், அதன் மேல் விலைவாசிக்கு ஏற்ப பஞ்சப்படி. அந்தப் பட்டியல் கம்பெனியில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். பெரும்பாலும் அது ஆபீஸ் அறைக்குள், பீரோவுக்குப் பின்னால் இருக்கும். கண்டுபிடித்துப் போட்டோ எடுங்கள்.

இன்னொன்று, முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து போடும் சம்பள ஒப்பந்தம். பனியன் தொழிலுக்கே உரிய வழக்கம் இது. கட்டிங், டெய்லர், அயனிங், பேக்கிங் ஒரு பிரிவு. செக்கிங், கைமடி, லேபிள், டேமேஜ், அடுக்கிக் கட்டுவது என்று மற்றவை தனித்தனிப் பிரிவு. உங்கள் பிரிவுக்கு என்ன ரேட் என்று சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., எல்.பி.எஃப். என எந்தச் சங்க அலுவலகத்தில் கேட்டாலும் சொல்வார்கள். உறுப்பினராக இல்லாவிட்டாலும் சொல்வார்கள்.

கவரில் வரும் 'பஞ்சப்படி' என்ற அந்தச் சின்ன வரிக்காக 1984-ல் இந்த ஊர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது. வயதான கட்டிங் மாஸ்டர் யாராவது அருகில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அரிசி கடன் வாங்கிய கதையெல்லாம் வரும்.

குறைந்தபட்சக் கூலி வேறு, நியாயமான கூலி வேறு. 1957-ல் நடந்த 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிட ஒரு அளவுகோல் வகுத்தது. நாலு பேர் கொண்ட குடும்பத்தை மூன்று நுகர்வு அலகாக, அதாவது மூன்று ஆளின் தேவையாக எடுத்துக்கொண்டு, அதற்கான உணவு, வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு, பிறகு துணி. துணி எவ்வளவு தெரியுமா? குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம். 1991-ல் உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், திருவிழா, முதுமை, கல்யாணம் இதற்கெல்லாம் சேர்த்து இன்னொரு 25 சதவீதம் வேண்டும் என்று சொன்னது. ஒரு நாள் உங்கள் வீட்டுச் செலவை இந்தத் தலைப்புகளில் எழுதிப் பாருங்கள். ஒருவர் சம்பாத்தியத்தில் இது நடக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கு. இங்கே புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கு ஒன்றரை ஷிப்ட் பார்த்தும் கடன் சிட்டைக்குக் கட்ட முடியாமல் நிற்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி கொடுக்கக் கூடாது என்பது 1976-லேயே சட்டமாகிவிட்டது. ஆனால் பெண்களைச் செக்கிங்கிலும் கைமடியிலும் நிறுத்திவிட்டால் 'ஒரே வேலை' என்ற கேள்வியே எழாது. மெஷின் பழகுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம், கட் பீஸில் ஓட்டிப் பழகினாலே ஆறு மாதத்தில் டெய்லர் ஆகலாம். நான் அப்படித்தான் ஆனேன்.

நோட்டு எழுதுவது எப்படி

தினமும் ஒரு வரி போதும். தேதி, ஏறிய மணி, இறங்கிய மணி, எந்த லைன், பீஸ் ரேட் என்றால் எத்தனை பீஸ், அன்றைய ஸ்டைல் நம்பர். என் பழைய நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கிறது: "புதன். 8.25 – 8.50. லைன் 3. பேபி செட், பச்சை. அட்வான்ஸ் 200." அந்த 200 ரூபாயை இரண்டு தடவை பிடித்தபோது இந்த வரிதான் திருப்பி வாங்கிக் கொடுத்தது.

கேட்டில் விரல் வைக்கும் மெஷின் இருக்கிறதே, நோட்டு எதற்கு என்று நினைக்கலாம். அந்த மெஷினின் கணக்கு ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கிறது. உங்களிடம் இல்லை. போனில் எழுதுவதும் சரிதான், ஆனால் போன் தொலையும், உடையும். சம்பளக் கவரையும் சிலிப்பையும் நோட்டின் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிடித்தம்: எது சரி, எது சுரண்டல்

அதே உதாரணம். மாதம் 26 ஷிப்ட், 480 வீதம் 12,480 ரூபாய். பி.எஃப். 12 சதவீதம், சுமார் 1,498. இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 94. கையில் 10,888. இந்த அளவுப் பிடித்தம் சரியானது. கம்பெனி தன் பங்காக பி.எஃப்.பில் இன்னொரு 12 சதவீதமும், இ.எஸ்.ஐ.யில் 3.25 சதவீதமும் தன் கையிலிருந்து போட வேண்டும். சில கான்ட்ராக்டர்கள் இரண்டு பங்கையும் உங்கள் கூலியிலேயே பிடிப்பார்கள். 12,480-க்கு மூவாயிரத்தைத் தாண்டிப் பிடித்தம் என்றால் அதுதான் நடக்கிறது.

பிடித்த பணம் உண்மையில் கட்டப்படுகிறதா என்று இரண்டாவது மாதமே பாருங்கள். உங்கள் யு.ஏ.என். எண்ணை (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கேட்டு வாங்கி, பதிவு செய்த போனிலிருந்து 99660 44425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். அரசின் உமாங் செயலியில் பாஸ்புக்கே தெரியும். கம்பெனி மாறும்போது பழைய எண்ணையே கொடுங்கள். ஆறு கம்பெனியில் ஆறு எண் வாங்கிவிட்டு, இன்று பெயர்ப் பிழை திருத்த வரிசையில் நிற்கிறவர்களை எனக்குத் தெரியும். பத்து ஆண்டு சர்வீஸ் சேர்ந்தால்தான் பென்ஷன். வேலை மாறும்போதெல்லாம் பணத்தை எடுத்தால் அந்த வருடங்கள் கரைந்துவிடும்.

இ.எஸ்.ஐ. பற்றிப் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. காய்ச்சல், டைபாய்டு மாதிரி நோய்க்கு விடுப்புப் பணம் வாங்க, முந்தைய ஆறு மாதக் கட்டணக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குக் கட்டியிருக்க வேண்டும். ஆனால் வேலையில் ஏற்படும் காயத்துக்கு இந்த நிபந்தனை கிடையாது. சேர்ந்த முதல் நாளே கை போனாலும் உண்டு. தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் வரும். வீட்டிலிருந்து கம்பெனிக்கு வரும் வழியில், திரும்பும் வழியில் நடக்கும் விபத்தும் வேலைக் காயமாகவே ஏற்கப்படும்.

அபராதம் என்று மொத்தமாகக் கூலியில் மூன்று சதவீதத்துக்கு மேல் பிடிக்க முடியாது. அதுவும் உங்களிடம் விளக்கம் கேட்ட பிறகுதான். ஐந்து நிமிடம் தாமதத்துக்கு அரை மணி நேரக் கூலியை வெட்டுவது தவறு. வராத நேரத்துக்கு மட்டும்தான் வெட்டலாம். ஹாஸ்டல், சாப்பாடு, வேன் என்று பிடிப்பவை எவ்வளவு என்பதைச் சேரும்போதே எழுத்தில் கேளுங்கள்.

ஹாலுக்குள் நுழைந்த முதல் பத்து நிமிடம்

உங்கள் மெஷினைப் பார்க்கும் முன் வாசலைப் பாருங்கள். உங்கள் இடத்திலிருந்து வெளியே போக இரண்டு வழி தெரிய வேண்டும். ஒரு தடவை நடந்து பாருங்கள். தரையில் மஞ்சள் கோட்டுக்குள் நடைபாதை காலியாக இருக்கிறதா, அல்லது அங்கேதான் பண்டல் அடுக்கியிருக்கிறதா? மாடிப்படி அட்டைப்பெட்டிக் கிடங்காகிவிட்டதா? வேலை நேரத்தில் அவசர வழிக் கதவு பூட்டியிருந்தால், திருட்டு போகக் கூடாது என்று காரணம் சொல்வார்கள். பருத்தித் துணியும் பஞ்சுத்தூசும் நிறைந்த ஹாலில் தீப்பிடித்தால் உங்களுக்கு இருப்பது சில நிமிடங்கள்தான்.

வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டிடம் 2013 ஏப்ரல் 24-ல் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் விட்டிருந்தது. அதே கட்டிடத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றிவிட்டது. மறுநாள் காலை தையல் தொழிலாளர்களைத்தான் மிரட்டி உள்ளே ஏற்றினார்கள். உடனடி ஆபத்து என்று உங்களுக்குத் தோன்றினால் நிர்வாகத்திடமும் அரசு ஆய்வாளரிடமும் ஒரே நேரத்தில் சொல்லச் சட்டம் இடம் தருகிறது. தனியாகப் போகாமல் லைனில் நாலு பேராகப் போய்ச் சொல்லுங்கள்.

மெஷினில் ஊசி கார்டு இருக்கிறதா, பெல்ட்டுக்கு மூடி இருக்கிறதா, ஓவர்லாக்கில் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டிய கண்ணாடித் தகடு இருக்கிறதா பாருங்கள். வேகத்துக்கு இடைஞ்சல் என்று டெய்லர்களே கழற்றி வைப்பதுண்டு. நூல் கோக்கும்போது, ஊசி மாற்றும்போது மோட்டாரை நிறுத்திவிடுங்கள். துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டி, முடியைக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

ஊசி விரலில் ஏறிவிட்டால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். மோட்டாரை நிறுத்தி, பக்கத்தில் இருப்பவர் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி ஊசியை மேலே தூக்கட்டும். பிறகு ஊசி முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். முனை இல்லையென்றால் அது விரலுக்குள் இருக்கலாம். எக்ஸ்ரே எடுக்க வேண்டும், டெட்டனஸ் ஊசி போட வேண்டும். மஞ்சளை அப்பிவிட்டு மறுபடி தைக்க உட்காராதீர்கள். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டையும் தேடி, பதிவேட்டில் செல்லோ டேப்பால் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். வெளிநாட்டுக் குழந்தையின் சட்டையில் துண்டு போய்விடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அதே அக்கறையை உங்கள் விரலுக்கும் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

கட்டிங் மெஷினில் நிற்பவருக்கு இரும்பு வலைக் கையுறை கட்டாயம் வேண்டும். அயனிங்கில் காலுக்குக் கீழ் ரப்பர் விரிப்பு. எனக்கு மிகவும் பயமான இடம் கறை எடுக்கும் மேஜை. ஸ்ப்ரே கன்னால் கெமிக்கலைப் பீய்ச்சும்போது வரும் வாசனை முதலில் பிடித்துக்கூடப் போகும், பிறகு தலை சுற்றும். புகை உறிஞ்சும் விசிறி இல்லாத மூலையில் அந்த வேலையைச் செய்யாதீர்கள். துணி மாஸ்க் பஞ்சுத்தூசைக் கொஞ்சம் தடுக்கும், கெமிக்கல் ஆவியைத் தடுக்காது.

காயம் பட்டால் கம்பெனி வண்டியிலேயே தெரிந்த தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், "வீட்டில் அருவாமனையில் வெட்டிக்கிச்சுன்னு சொல்லு" என்பார்கள். எவ்வளவு நல்ல சூப்பர்வைசராக இருந்தாலும் இதற்குத் தலையாட்டாதீர்கள். வேலையில் பட்ட காயம் என்று டாக்டர் சீட்டில் ஏறாவிட்டால் இ.எஸ்.ஐ. பணம் வராது.

கழிப்பறை விஷயத்தையும் இங்கேயே சொல்கிறேன், வெட்கப்பட ஒன்றுமில்லை. 25 பெண்களுக்கு ஒன்று என்பது விதி. டோக்கன் வாங்கிப் போ, டைம் பார்த்துப் போ என்று கெடுபிடி செய்வதால் எங்கள் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு, கிட்னிக் கல் என்று டிஸ்பென்சரி வரிசையில் நிற்பதில் பாதிப் பேர் செக்கிங் பெண்கள்தான். தண்ணீர் பாட்டிலை மேஜைக் காலடியில் வைத்துக் குடியுங்கள்.

ஆடிட் நாள்

துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆள் சோதனைக்கு வரப்போகிறார் என்றால் முதல் நாள் ராத்திரியே தெரிந்துவிடும். படிக்கட்டில் இருந்த பெட்டிகள் மாயமாகும். காலையில் எல்லோருக்கும் மாஸ்க், கட்டருக்குப் புது இரும்புக் கையுறை, முதலுதவிப் பெட்டியில் நிஜமாகவே மருந்து. கழிப்பறையில் சோப்பு. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருத்தர் கூடையோடு வந்து மாஸ்க்கையும் கையுறையையும் திரும்ப வாங்கிக்கொள்வார். இதை நான் ஒரு தடவை இரண்டு தடவை பார்க்கவில்லை.

ஆடிட்டர் உங்களைத் தனியாக அழைத்துப் பேசலாம். "எட்டு மணி நேரம்தான் வேலை, ஓவர்டைமே இல்லை" என்று சொல்லச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். உண்மையைச் சொன்னால் ஆர்டர் போய்விடும், எல்லோருக்கும் வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும். அந்தப் பயம் பொய்யில்லை. அதனால் உங்களை வீரராக இருக்கச் சொல்லவில்லை. பொய் சொல்ல முடியாது என்று தோன்றினால் "ஞாபகமில்லை" என்று சொல்லலாம். சொல்லத் துணிந்தால், பெயரைக் குறிக்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சூப்பர்வைசரின் வாயும் கையும்

டார்கெட் வரவில்லை என்று கத்துவதும், கெட்ட வார்த்தை பேசுவதும், லைனுக்கு இடையில் உரசிக்கொண்டு போவதும் வேலையின் பகுதி இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் பாலியல் துன்புறுத்தல் பற்றி விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். 2013-ம் ஆண்டுச் சட்டம் அது. தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் உறுப்பினராக இருக்க வேண்டும். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுங்கள். குழுவே இல்லை, அல்லது முதலாளி மேலேயே புகார் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது. உடனடி உதவிக்கு 181.

திண்டுக்கல் வட்டாரத்தில் 2021 ஜனவரியில் இளம் தையல் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். அதன் பிறகு பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடி, 2022-ல் கம்பெனியையும் வெளிநாட்டு பிராண்டையும் கட்டுப்படுத்தும் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. லைனில் வேலை பார்க்கும் பெண்களே பயிற்சி பெற்று, தவறு நடக்கும்போதே பிடித்துச் சொல்லும் ஏற்பாடு அதில் இருந்தது. சாமானியப் பெண்கள் சேர்ந்தால் பிராண்டையே கையெழுத்துப் போட வைக்க முடியும் என்று அதில்தான் நான் நம்பினேன்.

ஹாஸ்டலில் தங்குகிறவர்கள்: போன் வைத்துக்கொள்ளவும், வார விடுமுறையில் வெளியே போகவும், வீட்டார் வந்து பார்க்கவும் தடை போடும் ஹாஸ்டலில் சேராதீர்கள். மூன்று வருடம் முடித்தால் மொத்தமாகப் பணம் தருவோம் என்று ஊரில் வந்து யாராவது ஆள் பிடித்தால், மில்களில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நடந்தது இதுதான் என்று அம்மா அப்பாவுக்கு எடுத்துச் சொல்லுங்கள். கூலி மாதாமாதம் கையில் வர வேண்டியது.

குறை வந்தால் எங்கே போவது

கூலி பாக்கி, குறைந்தபட்சக் கூலி, ஓவர்டைம் என்றால் தொழிலாளர் துறையின் மாவட்ட அலுவலகம். மெஷின், தீ, கட்டிடம், கழிப்பறை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் அவரவர் அலுவலகம், ஆன்லைனிலும் புகார் போடலாம். தனியாகப் போனால் நாலு தடவை நாளை வா என்பார்கள். சங்கத்து ஆளோடு போனால் இரண்டு தடவையில் முடியும். சந்தா ஒரு நாள் டீக்காசுதான் ஆகும். புகாரின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

வேலையை விடும்போது

நீங்களாக நின்றாலும் அவர்கள் நிறுத்தினாலும், கூலிப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். தீபாவளிக்கு முன் நின்றாலும், அந்த ஆண்டில் 30 நாள் வேலை பார்த்திருந்தால் போனஸில் உங்களுக்குப் பங்கு உண்டு, குறைந்தது 8.33 சதவீதம். ஐந்து வருடம் ஒரே இடத்தில் இருந்தால் வருடத்துக்கு 15 நாள் கூலி வீதம் கிராஜுவிட்டி. இதைத் தவிர்க்கத்தான் நாலாவது வருடம் வந்ததும் "பேருக்கு ஒரு ராஜினாமா எழுதிக் கொடு, நாளைக்கே புதுசா சேர்த்துக்கறோம்" என்பார்கள்.

நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். விடுபட்ட கூலியைக் கேட்டு மனுப் போட மூன்று ஆண்டு வரை அவகாசம் இருக்கிறது.